பச்சை எரிந்தால் எண்பத்தைந்து

சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் நான்காவது கம்பியைச் சொருகியதும், நான் புதிதாக மாட்டிய திரை ஒருமுறை சிமிட்டி, நீலமாகி, 97 என்று காட்டியது. நான்தான் தப்பாகச் சொருகிவிட்டேன் என்று நினைத்தேன். கழற்றினேன், துடைத்தேன், மறுபடி சொருகினேன். 98. சென்சாரின் மேல் சந்தேகப்பட்டு, ஸ்டோரிலிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டரை வாங்கி வந்து, கலனின் மூடியிலுள்ள சிறு துளை வழியாக இறக்கிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது. பசை காய்ச்சும் கலன் எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பொங்கும். மூடியைத் திறக்கிறவர் மேல்தான் பொங்கும்.

இத்தனை வருஷம் அந்தக் கன்ட்ரோலருக்கு முகமே கிடையாது. ஒரு சாம்பல் நிறப் பெட்டி, ஒரு பச்சை விளக்கு. பச்சை எரிந்தால் பதிவேட்டில் 85 என்று எழுது; வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் முதல் நாள் பாடம் இதுதான். அப்பாவும் மணிக்கொரு தடவை, பதினொரு வருஷம் எழுதினார். அவருடைய இடது கை வெந்த அன்று காலையிலும் மூன்று தடவை எழுதியிருந்தார். விசாரணையில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்தார்கள். சூடு சரியாக இருந்திருக்கிறது, ஆள்தான் கவனமாக இல்லை என்று முடித்துவிட்டார்கள். அப்புறம் பாவம் பார்த்து அவர் பெண்ணுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அந்தப் பாவத்தில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

கன்ட்ரோலருக்குள் போய்த் தோண்டினேன். யாரோ சூட்டின் இலக்கையே தொண்ணூற்றேழுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். இலக்கு எதுவானாலும், அதை எட்டினால் பச்சை எரியும். பசை சீக்கிரம் வேகும், நாளுக்கு மூன்று கலன் நான்காகும். மாற்றிய தேதியும் உள்ளே இருந்தது. அப்பாவின் கை வெந்ததற்கு எட்டு மாதம் முன்பு.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. அதில்தான் எனக்கு எரிந்தது.

“நாளைக்கு ஆய்வுக்கு வராங்க. எண்பத்தஞ்சுக்கு மேல போனா எண்பத்தஞ்சுன்னே காட்டற மாதிரி பண்ணிடும்மா. புரோகிராம்ல ஒரு வரிதானே?”

“அப்ப உள்ள இருக்கற சூடு, சார்?”

“அதை நான் பார்த்துக்கறேன். அப்பாவுக்கு அப்படி ஆனப்புறமும் உன்னைக் கூப்பிட்டு உட்கார வெச்ச இடம் இது. மறந்துடாத.”

ஒரு வரிதான். அவர் போனதும் அதை எழுதினேன். எழுதியதைக் கன்ட்ரோலரில் ஏற்றாமல் மடிக்கணினியை மூடிக்கொண்டு சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்குப் போனேன்.

அப்பா ஒற்றைக் கையால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். “தப்பு உன்மேல இல்லப்பா!” என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

“அப்ப எட்டு மாசமா நான் எழுதினது அத்தனையும் பொய்யா?” என்றார்.

“அப்பனுக்குக் கை போச்சு, மகளுக்கு வேலை போகணும்,” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. “அப்பதான் ரெண்டு பேரும் ஜோடியா உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கலாம்.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. “இப்ப அந்தக் கலன்ல யாரு நிக்கறா?”

“ஒரு அக்கா. நீ போனப்புறம் சேர்ந்தவங்க.”

“அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?”

சொல்லவில்லை. காலையிலிருந்து வயிறெரிந்ததெல்லாம் அப்பாவுக்காக. நாலடி தள்ளி அதே மூடியில் கை வைத்து நிற்கிறவள் என் நினைப்பிலேயே வரவில்லை. சாப்பிடாமல் ஓடினேன்.

“வாம்மா இஞ்சினியரு! உன் டிவில என்ன படம் ஓடுது?” என்றாள் அக்கா. ஒரு கையில் பேனா, மறு கை மூடியின் பிடியில். “பச்சையும் எரியுது, இதுவும் தொண்ணூத்தெட்டுங்குது. நான் எதை எழுத?”

மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு வரி, மடிக்கணினிக்குள், என் கக்கத்தில் இருந்தது.

“கையை எடுங்கக்கா. மூடியைத் திறக்காதீங்க.”

அவள் விளக்கைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதிவேட்டில் காலையிலிருந்து வரிசையாக 85, 85, 85. அதற்குக் கீழே இருந்த காலிக் கட்டத்தில் பேனா முனை அப்படியே ஊன்றி நின்றது. மை கசிந்து, ஒரு புள்ளி மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.