ஐஸ் பெட்டி

திறப்பு விழாவுக்கான பட்டுத் திரையை அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது என்று மேலாளர் அதற்குள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவருக்குப் பெயர் 'கஞ்சி'. அவர் சட்டைக்கென்று தனியாகக் கஞ்சி போட வேண்டும். ஆளும் அப்படியே விறைப்புதான். கீழே குனிந்து யார் முகத்தையும் பார்த்ததில்லை.

மாடியில், குழந்தைகள் வார்டில், அவளுடைய ஏழு மாதப் பெண் கிடந்தாள். இரத்தப் புற்றுநோய். வழக்கமாகக் கொடுக்கிற மருந்து இவளுக்குக் கேட்கவில்லை. அன்று காலை கால் எலும்பில் ஊசியிறக்கி மஜ்ஜை எடுத்திருந்தார்கள்.

"உன் பொண்ணுக்கு வந்திருக்கறது எந்த வகைன்னு வெளியூர் லேப்ல பார்த்துச் சொல்லுவாங்கம்மா. அதுக்கேத்த மாதிரி இவளுக்குன்னு மருந்து குடுக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். 'இவளுக்குன்னு' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். இன்று திறக்கப்போகிற புதுப் பிரிவும் இதற்குத்தானாம்.

திரையைக் கொடுக்கப் போனவள் மேடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். காலையில் அவள் கண்முன்னால் மஜ்ஜைக் குழாயை வைத்து மூடிய அதே நீல ஐஸ் பெட்டி. லேப் உதவியாளர் அதிலிருந்து குளிர்பான பாட்டில்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல என் பொண்ணோடது இருந்துச்சே?"

அவர் தலையைச் சொறிந்தார். "கஞ்சிதான் பெட்டி வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. சாயங்காலம்தானே வண்டி, அதான் ட்யூபை லேப் மேஜைல எடுத்து வச்சேன்."

அவள் லேப்புக்கு ஓடினாள். மேஜை சன்னலோரம் கிடந்தது. குழாய்மேல் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது ஆகாது. வண்டி கிளம்பறதுக்குள்ள மறுபடி எடுத்தாகணும்."

வழியில் வந்த மேலாளரை அவள் மறித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு ஊசிதானே, அதுக்கு இவ்வளவா? விழா முடிஞ்சதும் குழந்தையைக் கொண்டு வா. வந்தவங்களோட ஒரு படம் எடுக்கணும். நல்ல சட்டையா போட்டு விடு."

"இன்னொரு ஊசிதான் சார். உங்க முட்டிக்குக் கீழே இறக்கச் சொல்றேன், அதையும் படம் எடுத்துக்கலாம்."

"வேலை வேணுமா, வேணாமா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்தச் சட்டைக்குத்தானா இத்தனை நாள் கஞ்சி காய்ச்சினோம் என்று அருவருப்பாக இருந்தது. துப்பக்கூட மனசு வராமல் மாடியேறினாள்.

காலையில் ஊசி இறங்கிய பிறகுதான் குழந்தை அழுதது. இப்போது மருந்துப் பஞ்சு பட்டதுமே வீறிட்டது. அவள் இரண்டு கைகளாலும் அந்தச் சின்னக் காலை அமுக்கிப் பிடித்தாள். கீழே ஒலிபெருக்கியில் யாரோ, "ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்கே உரிய சிகிச்சை" என்றார். கைதட்டல் எழுந்தது.

அலுவலக ஊழியர் ஒருவர் மூச்சு வாங்க வந்து கதவருகே நின்றார். "சிஸ்டர், அழுகை மைக்ல விழுதாம். சன்னலைச் சாத்தச் சொல்றாங்க."

டாக்டரம்மாவின் கை ஊசியில் இருந்தது. நர்ஸின் கை பஞ்சில் இருந்தது. அவள் கை குழந்தையின் காலில் இருந்தது. வந்தவரே போய்ச் சாத்தினார்.