முன்சக்கரம் இல்லாத சைக்கிளில் ஏறிய மலை

1

இந்தக் காலத்து ஜனங்கள் போகாத ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லி மூச்சு வாங்குகிறார்கள். சாப்பிடும் முன்னால் சோற்றைப் படம் பிடிக்கிறார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உட்கார்ந்த இடத்திலேயே மலை ஏறுகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாகப்பன், பென்னலூர்க்காரன். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில் வாட்ச்மேன். அங்கே ஹாலில் நடந்த சைக்கிள் போட்டியில் ஒரு தகராறு. "நீங்கதான் யார் பக்கமும் இல்ல பெரியவரே. பார்த்தத அப்படியே எழுதிக் குடுங்க" என்றார் எச்.ஆர். ராஜசேகர். எழுத உட்கார்ந்தேன். அது கதையாகிவிட்டது. என்மேல் தப்பில்லை.

2

முதல் ஆரம்பம்: நடுக்கடலில், கரும்பாறைகளின் மேல், கதிரவன் தன் செங்—

(வேண்டாம். நான் பார்த்தது டியூப் லைட்.)

இரண்டாவது ஆரம்பம்: சசிரேகா ஒரு வீராங்கனை.

(இதுவும் வேண்டாம். ஏறி உட்காரும்போது அவள் வாயில் முறுக்கு இருந்தது.)

சரி, உள்ளபடியே: ஹாலில் இரும்புக் கால் வைத்து நிறுத்திய ஒரு சைக்கிள்.* எதிரே டிவி. டிவியில் ஏதோ ஒரு தீவு, பேர் என் வாயில் நுழையாது. தீவின் நடுவில் எரிமலை, அதைச் சுற்றிச் சுற்றிப் போகிற ரோடு. மிதித்தால் ரோடு நகரும். மேடு வந்தால் பெடல் தானாக இறுகும். மிதிப்பது நின்றுவிட்டால் மறுபடி அடிவாரத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். உச்சியைத் தொடுகிறவளைக் கம்பெனி அந்தத் தீவுக்கே அனுப்பும், நிஜ மலையில் நிஜ சைக்கிள் ஓட்ட.

* முன்சக்கரம் இல்லாததைச் சைக்கிள் என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் கிடைத்தால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

3

சசிரேகா வாலாஜாபாத் பக்கம். கம்பெனியின் அசெம்பிளி லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறவள். போட்டிக்கு முன்னால் அவளிடம் கேட்டேன்.

"எரிமலன்றாங்க. எரியவே காணமேமா?"

"அது அணைஞ்சு போச்சாம் தாத்தா."

"அணைஞ்சத யாரு பாத்தா?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நின்ன எடத்துலயே வேல, ஒக்காந்த எடத்துலயே மல. ஒரு தபா நகர்ற சைக்கிள்ல ஏறணும் தாத்தா. அவ்ளோதான்" என்றாள்.

இந்தக் கதையில் இருப்பதும் அவ்வளவுதான். அவள் போவாளா, மாட்டாளா.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. அதுவரை ஏறிய பெண்கள் எல்லாம் பாதி மலையில் இறங்கிவிட்டார்கள். சசிரேகா மேகத்துக்கு மேலே போய்விட்டாள். புல்கூட இல்லாத கறுப்புக் கல். கடைசி வளைவுகளுக்கு முன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முகம் கோணிப்போனது. மிதித்தபடியே ஒரு கையைத் தூக்கினாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். லைனில் ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போகவேண்டுமென்றால் கையைத் தூக்குவாள். ரிலீவர் ஓடிவந்து அவள் இடத்தில் நிற்பாள். லைன் நிற்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில் மலைமேலும் கையைத் தூக்கிவிட்டாள். அவள் லைனின் ரிலீவர் பாண்டிச்செல்வி, கோவில்பட்டிப் பெண். அவளும் அதே பழக்கத்தில் இட்லித் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள். இவள் காலை எடுக்க, அவள் காலை வைக்க, பெடல் நிற்கவே இல்லை. சசிரேகா தண்ணீர் குடித்தாள், காலைத் தேய்த்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள், உச்சியைத் தொட்டாள். ஹாலே கை தட்டியது. ஒருத்திக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

போன் பேச வெளியே போயிருந்த ராஜசேகர் அப்போதுதான் உள்ளே வந்தார். பாண்டிச்செல்வி பெருமையாகச் சொன்னாள்: "நடுவுல நான் மிதிக்கலன்னா இவ எங்கிட்டு சார் ஏற?"

கைதட்டல் நின்றது. "சும்மா சொல்றா சார், அவ ஏறவே இல்ல" என்று மற்றவர்கள் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். ராஜசேகர் என் பக்கம் திரும்பினார்.

5

அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மீசையைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஒட்டவில்லை. பெண்களுக்குக் குளுக்கோஸ் வாங்கி வந்தது அவர்தான்.

6

முடிவுகள்.

ஒன்று: பாண்டிச்செல்வி ஏறவே இல்லை. சசிரேகா தீவுக்குப் போகிறாள்.

இரண்டு: ஏறினாள். சசிரேகா திங்கட்கிழமை ஸ்க்ரூ முடுக்குகிறாள்.

மூன்று: இரண்டு பேரும் போகிறார்கள், ராஜசேகர் கண் கலங்கி— (சினிமாவுக்குப் போங்கள்.)

முதல் முடிவை இரண்டு பெண்களிடமும் படித்துக் காட்டினேன். சசிரேகாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

"இன்னா தாத்தா, இவள இல்லாமயே பண்ணிட்ட? கால் புடிச்சுகினு உயிர் போச்சு, ஓடியாந்து நின்னா. உள்ளத எழுது."

"உனக்குத் தீவு போயிடும்மா."

பாண்டிச்செல்விதான் சொன்னாள்: "ஏன் தாத்தா, லைன்ல இவ எடத்துல நின்னு நான் முடுக்குன ஸ்க்ரூவெல்லாம் யாரு பேர்ல ஏறுது? இவ பேர்லதான. அங்கன ஒரு சட்டம், இங்கன ஒரு சட்டமா?"

அதையும் சேர்த்து எழுதினேன்.

7

ராஜசேகர் நின்றபடியே படித்தார். ஸ்க்ரூ வந்த இடத்தை இரண்டாம் தடவையும் படித்தார்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. அவ போலாமா கூடாதான்னு எழுதலையே பெரியவரே?"

"பாத்தத எழுதச் சொன்னீங்க. அத நான் இன்னும் பாக்கலையே சார்."

வாசலில் சசிரேகா துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாண்டிச்செல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ராஜசேகர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அங்கேயே நின்றால் முடிவு தெரிந்துவிடும், தெரிந்தால் எழுதவேண்டி வரும். படிக்கிற நீங்கள் அந்தப் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டிச்செல்வி கேட்டதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். நான் மெயின் கேட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அவளை அனுப்பினீர்களென்றால் போவாள், கறுப்புக் கல்லில் கால் ஊன்றி நின்று படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள். காட்டட்டும். அப்படி ஒரு தீவு இருக்கிறதென்று அப்போதும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.