எண்பத்து நான்காம் படியில் நின்ற பந்து

கடலூர் சுறாஸ் அணி இதுவரை ஒன்பது சீசன்களில் எழுபத்திரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. முப்பத்தொன்றில் வென்றது, நாற்பதில் தோற்றது. மீதி ஒன்று, கடைசிப் பந்து இன்னும் தரைக்கு வந்து சேராததால், முடியாமல் இருக்கிறது. அது 2018-ஆம் ஆண்டு நடுநாட்டு பிரீமியர் லீக்கின் இறுதி ஆட்டம். கடலூர் இறுதி ஆட்டம் வரை வந்தது அந்த ஒரு முறைதான்.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி, மஞ்சக்குப்பம் மைதானம். சிதம்பரம் சாரதீஸ் அணியை வெல்லக் கடைசிப் பந்தில் கடலூருக்கு ஐந்து ரன் தேவைப்பட்டது. ஏலத்தில் ஆளெடுக்கும் அணிகள் ஊர்ப் பொருத்தம் பார்ப்பதில்லை. கடலூருக்காக மட்டை பிடித்து நின்ற இளவரசுக்குச் சொந்த ஊர் சிதம்பரத்தை ஒட்டிய புவனகிரி. சிதம்பரத்துக்காக எல்லைக் கோட்டில் நின்ற விஜயகுமார், கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இளவரசு ஓங்கி அடித்தார். பந்து மேலே போய், மேற்கு விளக்குக் கோபுரத்து ஏணியின் எண்பத்து நாலாவது படிக்கு நேராக நின்றுவிட்டது. விஜயகுமார் எல்லைக் கயிற்றுக்கு ஒரு அடி உள்ளே, இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு அதன் கீழே போய் நின்றார். கயிற்றுக்கு வெளியே விழுந்தால் ஆறு, கடலூருக்குக் கோப்பை. கையில் விழுந்தால் அவுட், சிதம்பரத்துக்குக் கோப்பை. பந்தும் நின்றது, அவரும் நின்றார்.

இருட்டும்வரை காத்திருந்த நடுவர், பந்து காற்றில் இருக்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு நெய்வேலி பஸ்ஸைப் பிடித்தார். விஜயகுமார் மூன்று நாள் அசையவில்லை. அவர் அம்மா வேலம்மாள் வந்து சோற்றை உருட்டி ஊட்டிவிட்டுப் போனார். நாலாம் நாள் லீக் நிர்வாகம் கூடி, தினமும் நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை அவர் நின்றால் போதும் என்று முடிவெடுத்தது. அடுத்த ஏலத்தில் சிதம்பரம் அவரை விடுவிக்க, கடலூர் எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த ஒரு பந்துக்கு அவர் சிதம்பரத்து ஆள்தான் என்பதால், மற்ற ஆட்டங்களை நீல ஜெர்சியில் ஆடியவர், பந்தின் கீழே நிற்கும்போது மட்டும் பழைய பச்சை ஜெர்சியை மாட்டிக்கொண்டார். ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரர்கள் "பந்து எறங்கறவங்கல்லாம் எறங்கு" என்று நிறுத்தினார்கள். புயல் வந்த வருஷம் விளக்குக் கோபுரம் லேசாகச் சாய்ந்ததே தவிர, பந்து சாயவில்லை.

கடலூர் அணியின் ஸ்கோரர் சந்திரலேகா, இளவரசின் அக்கா. நீதிமன்றத்தில் தட்டச்சர். நீதிபதி சொல்லாத ஒரு சொல் அவர் தாளில் ஏறியதில்லை. மைதானத்திலும் அப்படித்தான். நடுவர் கை காட்ட வேண்டும், ஸ்கோரர் பதிலுக்குக் கை உயர்த்த வேண்டும், அதற்குப் பிறகுதான் பேனா தாளைத் தொடலாம் என்பது அந்தத் தொழிலின் சட்டம். இரண்டு அணியின் ஸ்கோரர்களும் அருகருகே உட்கார்ந்து, ஓவருக்கு ஓவர் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். சிதம்பரத்தின் ஸ்கோரர் பஞ்சநாதன், ஓய்வுபெற்ற தபால்காரர். தன் எண்ணையே சந்திரலேகாவின் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு அந்தப் பெண் மேல் நம்பிக்கை.

பந்து நின்ற மறுவாரத்திலிருந்து சந்திரலேகா வேலை முடிந்ததும் ஒரு பாட்டில் மோரோடு மைதானத்துக்கு வரத் தொடங்கினார்.

"என்னா மேடம், எடம் மாறாம நிக்கறனான்னு அளவு பாக்க வந்தீங்களா?" என்றார் விஜயகுமார், கண்ணை மேலிருந்து எடுக்காமல்.

"வாயத் தொறங்க, மோர ஊத்தறேன். கைய எடுத்துடாதீங்க."

மோர் நாலு வருஷம் ஓடியது. கடலூர் அணி அதற்குள் மூன்று பயிற்சியாளர்களை மாற்றியது. கொரோனாவில் ஒரு சீசன் நின்றே போனது. விஜயகுமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சந்திரலேகா வீட்டில் சொன்னபோது, புவனகிரியில் விதைக்கடை வைத்திருந்த அவர் அப்பா ராஜமாணிக்கம், வேறு சாதி என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, "அந்தப் பந்து கீழ வரட்டும், அப்புறம் பாப்போம்" என்று முடித்துக்கொண்டார். அது வராது என்று அவர் நம்பினார். ஏன் வரவில்லை என்று சந்திரலேகாவுக்குத் தெரியும்.

அன்று மாலை மோரைக் கொடுக்காமலே சொன்னார். "நான்தான் கெடுத்துட்டேன். அம்பயர் கை தூக்கறதுக்கு முன்னாடியே ஆறுன்னு எழுதிட்டேன். தம்பி அடிச்சான்ல, கை தானா எழுதிடுச்சு."

விஜயகுமார் மேலே பார்த்தபடியே யோசித்தார். "அதான பாத்தேன். எழுதி முடிச்சப்பறம் கீழ வர்றதுக்கு அதுக்கு என்னா வேலை இருக்குது?"

எழுதியதைக் கோடிட்டு, இரண்டு ஸ்கோரர்களும் கையெழுத்துப் போட்டால் அந்தப் பதிவு செல்லாது. ஆனால் அந்த ஆறை அடித்தவர் என்ற பேரில்தான் இளவரசு ஊரில் தலை நிமிர்ந்து நடமாடினார். புவனகிரி பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஃப்ளெக்ஸ் இருந்தது. சிக்ஸர் ஜிம் என்று ஒரு ஜிம்மும் திறந்திருந்தார். சந்திரலேகா தம்பியிடம் போய் நின்றார்.

"ஜிம்முக்குப் பேரே வெச்சிட்டனே அக்கா" என்றார் இளவரசு. பிறகு வெகுநேரம் இரும்புத் தம்பிள்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அடிச்சது நானு. அது சிக்ஸா கேட்சான்னு எனக்கே தெரியல. ரோட்டுல நடந்தாக்கூட மேலயே பாத்துக்கினு போறேன். கோடு போட்டுடு."

2023 தை மாதத்தில் ஒரு மாலை நாலு மணிக்கு, லீக் அலுவலர்கள் முன்னால், சந்திரலேகா சிவப்பு மையால் கோடிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு பாக்காமலே நானும் அன்னிக்கு ஆறு போட்டேம்மா" என்று சொல்லிக்கொண்டே பஞ்சநாதனும் கையெழுத்துப் போட்டார். மேலே பந்து, தூக்கம் கலைந்த குழந்தை மாதிரி ஒருமுறை சிலிர்த்தது. "வருது!" என்று விஜயகுமார் கத்தினார். வந்தது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு படி வீதம் வந்தது. பஞ்சநாதன் பேனாவை எடுத்துப் பெருக்கி, இருபத்தோரு வருஷம் ஆகும் என்றார். முந்தி எழுதிய குற்றத்துக்காக லீக் ஒரு சீசன் முழுக்கச் சந்திரலேகாவை ஸ்கோரர் மேசையில் உட்கார விடவில்லை.

ராஜமாணிக்கம் நம்பவில்லை. கடையை மனைவி ஞானாம்பாளிடம் விட்டுவிட்டு, புவனகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, காலரிப் படியில் உட்கார்ந்து ஏணிப் படிகளை எண்ணினார். ஒருநாள் குறைச்சலாகத் தெரியும், ஒருநாள் தெரியாது. அதனால் தினமும் வர வேண்டியதாயிற்று. பந்தைப் பார்க்க வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கீழே நின்றவரைப் பார்க்கத் தொடங்கினார்.

"காலு வலிக்கல?" என்றார் ஐந்தாம் மாதம்.

"பழகிடுச்சு மாமா."

அந்த மாமாவை அவர் கேட்காத மாதிரி இருந்தார். ஆனால் வீட்டுக்குப் போய், யாரும் கேட்காத பந்துக்கே இத்தனை வருஷம் தினமும் வந்து நிற்கிறவன் வீட்டுக்கு வராமல் எங்கே போகப் போகிறான் என்று ஞானாம்பாளிடம் சொன்னார். "அது தரைக்கு வர்றதுக்குள்ள எனக்கு எம்பத்தேழு ஆயிடும். தையிலயே வெச்சிக்கலாம்."

கல்யாணம் காலையில் நடந்தது. நாலு மணிக்கு மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கு மேல் பச்சை ஜெர்சியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார். ஆட்டம் இன்னும் உயிரோடு இருந்ததால் மணப்பெண் உள்ளே வரக் கூடாது. கயிற்றுக்கு வெளியே, மாலையோடு நின்றார். மட்டை பிடித்தவருக்கு அந்தத் தடை இல்லாததால் இளவரசு மட்டும் உள்ளே வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. வந்தா புடிப்பீங்களா, விட்டுடுவீங்களா?"

"கைக்கு வந்தா புடிப்பேன் மச்சான்."

"எங்க அக்காவக் கட்டிக்கினு கூடவா?"

"அதனாலதான்."

கயிற்றுக்கு வெளியே சந்திரலேகா சிரித்தது காலரி வரை கேட்டது.

பந்து இப்போது எழுபத்திரண்டாவது படிக்கு நேராக இருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. நடுவர் கை காட்டியதும் எழுதப்படும். 2044 தை மாதத்துக்கு அணி நிர்வாகம் மைதானத்தை முன்பதிவு செய்துவிட்டது. அப்போது உங்களுக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகியிருக்குமே, பிடிக்க முடியுமா என்று வெளியூர் ஆட்டக்காரர்கள் விஜயகுமாரைக் கேட்பதுண்டு. அவர் மேலே பார்த்தபடியே, "மெதுவாத்தான வருது" என்கிறார்.