ரெண்டு கையெழுத்துப் போட்ட கவர்

எங்கள் வீட்டில் சம்பாதிப்பது ஜெனிபர். எண்ணுவது நான்.

நான் தேனியில் ஒரு நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு மெஷின் ஓரம் நின்றபடியே தூங்கிவிட்டேன். மேஸ்திரி முதுகில் தட்டினார். திட்டக்கூட இல்லை. தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக கேட்டைத் தாண்டி நடந்து, முதல் பஸ்ஸில் போடிக்கு வந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். முதுகுக்கு ஒன்றுமில்லை.

என் மனைவி ஜெனிபர் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். பச்சைக் காய் தனி, வெடித்த காய் தனி, வெளுத்த காய் தனி. சனிக்கிழமை கூலி. எனக்கு மார்க்கெட்டில் வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் மூட்டை ஏற்றும் வேலை கிடைக்கும். கிடைக்காத நாளில் வீட்டில் இருப்பேன். மில்லை விட்டு ஒரு மாதம் ஆனதும் அவள் சொன்னாள்:

"சரி, சம்பாரிக்கலேன்னா எண்ணவாச்சும் செய்யுங்க."

அப்படித்தான் கவர்கள் என் கைக்கு வந்தன.

எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருஷத்துக்குப் பன்னிரண்டு காணிக்கைக் கவர் கொடுப்பார்கள். மாதம் ஒன்று போட வேண்டும். நாங்கள் ரெண்டு வருஷமாகச் சரியாகப் போடவில்லை. போடாத கவர்கள் கட்டாக மிஞ்சிக் கிடந்தன. ஜெனிபர் எதையும் வீணாக்க மாட்டாள். அவற்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதினாள்: கரண்ட், சிலிண்டர், பால், குழு, செயின். 'குழு' என்பது எங்கள் மகள் ஷெரின் குறைமாதத்தில் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்காக மகளிர் குழுவில் வாங்கிய நாற்பதாயிரம் கடன். 'செயின்' என்பது அதே ஆஸ்பத்திரிக்காக அடகுக் கடைக்குப் போன அவளுடைய மூன்று பவுன்.

ஃபிரிட்ஜை அணைத்துவிட்டோம். கரண்ட் பில்லில் அது பெரிய தொகை. அணைத்த ஃபிரிட்ஜில் பருப்பும் ஷெரினின் கவுன்களும் இருந்தன. கவர்கள் ஃப்ரீஸரில். காலையில் ஒரே தடவை சோறு வடித்து ஒரு சிலிண்டரை எழுபது நாள் ஓட்டினோம். கிட்டங்கிக்கு ஷேர் ஆட்டோவில் போகாமல் ஜெனிபர் நடந்தாள். நான் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினேன். அதாவது, அவளிடம் அப்படிச் சொன்னேன்.

செயின் கவருக்கு மட்டும் ஒரு சட்டம். நூறு ரூபாய்த் தாளாகத்தான் சேரும். ஐம்பது தாள் சேர்ந்ததும் முன்பக்கம் பெயரும் தொகையும் எழுதி, பசை போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இது ஜெனிபரின் யோசனை.

"ஒங்க மேல நம்பிக்க இல்லாம இல்ல. என் மேலயே எனக்கு நம்பிக்க இல்ல. கடைசில பீஃபுக்கு ஆசப்பட்டு நானே பிரிச்சிருவேன்" என்றாள்.

இப்படி மூன்று கவர் ஒட்டினோம். பதினைந்தாயிரம். இன்னொன்று ஒட்டினால் செயினை மீட்டுவிடலாம்.

நடுக் கவரை நான் பிரித்தேன்.

மில்லில் என் பக்கத்து மெஷின் தங்கப்பாண்டியன். அவன் மகளுக்கு தேவதானப்பட்டியில் காதுகுத்து. ஷெரினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவன் ரெண்டாயிரம் மொய் செய்திருந்தான். அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். அவளிடம் கேட்டிருந்தால் தந்திருப்பாள். மொய்க் கடன் அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, சோற்றுப் பானை கொதிக்கும்போது கவரின் வாயை ஆவியில் காட்டினேன். பசை இளகிவிட்டது. ஜெனிபரின் கையெழுத்தில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் கரைந்தது. ஐம்பது தாளையும் எடுத்துக்கொண்டேன். ரெண்டாயிரம் செய்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து வைத்து, மூட்டைக் கூலியில் நிரப்பிவிடலாம் என்பது கணக்கு.

மொய் மேசைக்கு முன்னால் மில் ஆட்கள் நின்றார்கள். "எங்கனடா இருக்க இப்ப?" என்றான் கார்த்திக்ராஜ். "ஏலக்காய் யாவாரம்" என்றேன். அவன் என் சட்டையைப் பார்த்தான். மைக்கில் வாசித்தார்கள், மில் கார்த்திக்ராஜ் மூவாயிரம். அடுத்து நான். மேசையில் இருந்தவர் பேனாவோடு தலையைத் தூக்கி, "எவ்வளவு?" என்றார்.

"போடி ஜோஷ்வா, ஏலக்காய் யாவாரி, ஐயாயிரம்!" என்று மைக்கில் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பஸ் ஏறும்வரை நன்றாக இருந்தது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் பழைய தினசரியை நூறு ரூபாய் அளவுக்கு வெட்டினேன். ஐம்பது துண்டு. எண்ணித்தான் வெட்டினேன். கனம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா. பசை போட்டு ஒட்டி ஃப்ரீஸரில் வைத்தேன். அப்புறம் தினமும் நிரப்பிவிட நினைத்தேன். நாலு மாதத்தில் நிரப்பியது ஒன்றுமில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் குழுக் கடனின் கடைசித் தவணை முடிந்தது. ஜெனிபர் அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் விளக்கினாள். பண்டிகை ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் அசனச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். ஷெரின் என் தோளில். ஜெனிபர் என் காதருகே வந்து, "போட்டுட்டேன்" என்றாள்.

"எத?"

"பொருத்தனைய. பிள்ள கண்ணாடிப் பெட்டில கெடந்தப்ப ஆண்டவருக்கு நேந்துக்கிட்டது. மூணு வருசமாச்சு, குடுக்கல. குழுக் கடன் முடியட்டும்னு ஆண்டவருக்கே தவண சொல்லிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரு செயின் கவர எடுத்துப் போட்டுட்டேன். ஒங்கட்டச் சொன்னா வேணாம்பீக."

"எந்தக் கவர?"

"எந்தக் கவரா இருந்தா என்ன? மூணும் ஐயாயிரந்தான." சிரித்தாள். "செயினு ரெண்டு மாசம் தள்ளிப் போகும், போகட்டும். எலையை நேராப் பிடிங்க, கொழம்பு பிள்ள கால்ல ஊத்துது."

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தேன். ரெண்டு கவர் இருந்தன. ரெண்டிலும் கையெழுத்து சுத்தமாக இருந்தது. கரைந்த கையெழுத்து ஆலயத்தில் இருந்தது.

பொருளாளர் ஞானசிகாமணி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். காணிக்கையை அவர்தான் எண்ணுவார். பெரிய தொகையாக இருந்தால் அடுத்த ஞாயிறு பெயர் சொல்லி வாசிப்பார்கள். திங்கள் காலை ஜெனிபர் வேலைக்குப் போனதும், மிச்சமிருந்த ரெண்டில் ஒரு கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். எண்ணுவதற்கு முன் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

கடையில் எங்கள் தெரு ஜான்சி சேலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே வேலை பார்க்கிறாள். ஞானசிகாமணி என்னைப் பார்த்ததும் மேசை டிராயரை இழுத்தார்.

"வாப்பா. ஒன்னையத்தான் நெனச்சேன். நேத்து சாயங்காலமே எண்ணிட்டோம்." கவரை மேசையில் போட்டார். வாய் கிழிந்திருந்தது. "இருவது வருசமா எண்ணுறேன். வெறுங்கவரு வரும். கிழிஞ்ச நோட்டு வரும். ஒருத்தன் பஸ் டிக்கெட்டு வச்சிருந்தான், சரி, தெரியாம வந்துருச்சுன்னு விட்டோம். தொக எழுதி, ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டு, உள்ள நியூஸ் பேப்பரு வச்சது இதான் மொதத் தடவ."

சட்டைக்குள் இருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"காணிக்கப் பை வந்தப்ப ஜெனிபரு ரெண்டு கையாலயும் புடிச்சுப் போட்டுச்சாம். எங்க வீட்ல பாத்துட்டு வந்து சொன்னாக, என்னமோ பெருசா குடுக்குது போலன்னு. இல்லாட்டி நூறு போடுங்க. அதுவும் இல்லாட்டி சும்மா இருங்க. ஒங்கள யாரு கேட்டா? பேரு வாசிக்கணும்னு புருசனும் பொண்டாட்டியுமா ஒக்காந்து கத்தரிச்சீகளாக்கும்?"

ஜான்சி சேலை மடிப்புக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

"மாறிப் போச்சுண்ணே" என்றேன். "அவ கவர மாத்தி எடுத்துட்டு வந்துட்டா." சட்டைக்குள்ளிருந்த கவரை எடுத்து வைத்தேன்.

அவர் பிரித்து எண்ணினார். ஐம்பது தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"பேப்பர ஒட்டி வைக்கிறதுக்கு வீட்ல எதுக்குப்பா ஒரு கவரு?"

ரசீது எழுதினார். ஜோஷ்வா - ஜெனிபர், ரூபாய் ஐயாயிரம். கிழிந்த கவரையும் துண்டுகளையும் என் பக்கம் தள்ளினார். "ஜெனிபர்ட்டச் சொல்லு, ஆண்டவரு ஒண்ணும் கடன்காரரு இல்லன்னு."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரியாது, நான்தான் என்று. அவ்வளவுதான். சொல்லாமல் ரசீதை மடித்துப் பையில் வைத்து, கிழிந்த கவரையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கவரைப் பிரித்ததைவிட, பேப்பர் வெட்டியதைவிட, இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது.

வீட்டில் மிச்சமிருந்த வெற்றுக் கவர் ஒன்றை எடுத்து, துண்டுகளை உள்ளே வைத்து, ஒட்டி, என் கையெழுத்தைப் போட்டேன். அவள் கையெழுத்தையும் போட்டேன். நன்றாகவே வந்தது. ஃப்ரீஸரில் வைத்து மூடினேன். பார்த்தால் ரெண்டு கவர். அவள் கணக்குப்படியும் ரெண்டு. சரியாக இருந்தது.

ஜெனிபர் ஆறு மணிக்கு வந்தாள். அவள் வந்தால் வீடு முழுக்க ஏலக்காய் மணக்கும். அவளுக்கு அந்த மணம் பிடிக்காது, வந்ததும் முகம் கழுவுவாள். அன்றைக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"தெரு முக்குல ஜான்சியப் பாத்தேன். என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு. எப்பவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற புள்ள. கூட வந்தவளுகளும் சிரிச்சாளுக."

"நீ என்ன செஞ்ச?"

"நானும் சிரிச்சேன். பொருத்தன குடுத்தது தெரிஞ்சிருச்சு போல, சந்தோசப்படுறாளுகன்னு நெனச்சேன்." பின் கொஞ்சம் வெட்கப்பட்டு, "பேரு வாசிப்பாகளா?" என்றாள்.

நான் எழுந்து போய் ஃப்ரீஸரைத் திறந்தேன். போலிக் கவரை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "பிரி" என்றேன். அவள் கையெழுத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிரித்தாள். விரலை நாக்கில் தொட்டு, நோட்டை எண்ணுவது போலவே துண்டுகளை எண்ணினாள்.

"அம்பது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காதுகுத்து, மைக், ஆவி, ஆலயத்துக்குப் போன கவர், காலையில் மாற்றியது. கிழிந்த கவரையும் ரசீதையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். ஷெரின் வந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. அதில் பாதி சினிமா விளம்பரம்.

"ஐயாயிரமா செஞ்சீக?" என்றாள். "தங்கப்பாண்டி அண்ணன் நமக்கு ரெண்டாயிரந்தான் செஞ்சாக."

"ஆமா."

"அப்ப அவுக நமக்கு மூவாயிரம் கடன். பாவம், அதத் தீக்க அவுக எங்க போவாகளோ." சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "பொருளாளரு என்ன சொன்னாக?"

சொன்னேன். கத்தரித்தது ரெண்டு பேரும் என்று அவர் நினைப்பதையும் சொன்னேன்.

"நீங்க என்ன சொன்னீக?"

"நீ கவர மாத்தி எடுத்துட்டன்னு சொன்னேன்."

அவள் துண்டுகளைச் சேர்த்து, ஓரம் தட்டி, ஒரே கட்டாக வைத்தாள். நான் அடிக்கு, சத்தத்துக்கு, அழுகைக்குத் தயாராக இருந்தேன். பணத்தைப் பற்றி அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கட எத்தன மணிக்கு அடைப்பாக?"

"எட்டு மணிக்கு."

"இன்னும் நேரம் இருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க. ஜான்சி வீட்டுக்கு வந்துட்டா. அவ வீட்லயும் சொல்லுங்க."

"நாளைக்கு..."

"நாளைக்கு நான் அந்தத் தெரு வழியாத்தான் வேலைக்குப் போகணும்."

ஜான்சியின் வீட்டு வாசலில் அவள் அம்மா மொக்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜான்சி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நின்றபடியே சொன்னேன். மொக்கம்மாள் கீரையை விட்டுக் கை எடுக்காமல், "அத எதுக்கு எங்கட்ட வந்து சொல்ற?" என்றாள். ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காகக் குனியவில்லை.

ஜவுளிக்கடையில் ஒரு குடும்பம் பாவாடைத் துணி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். அவர்கள் போவதாக இல்லை. அடுத்த துணியை விரிக்கச் சொன்னார்கள். மணி ஏழே முக்கால். உள்ளே ஏறினேன்.

"இன்னும் என்னப்பா?" என்றார் ஞானசிகாமணி. கையில் அளவுகோல்.

"பேப்பர் வச்சது நான்தாண்ணே. பணத்த எடுத்ததும் நான்தான். அவளுக்குத் தெரியாது. உள்ள பணம் இருக்குன்னு நெனச்சுத்தான் போட்டா. காலைல சொல்லியிருக்கணும்."

துணி எடுத்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஞானசிகாமணி அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தப் புள்ள நெசமாவே ஐயாயிரம்னு நெனச்சா போட்டுச்சு?"

"ஆமாண்ணே."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்க வீட்ல வேற அத நாலு பேருட்டச் சொல்லிட்டாகளே" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு அளவுகோலை எடுத்து, "எத்தன மீட்டரும்மா சொன்னீக?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார். எனக்கு அதற்கப்புறம் அங்கே வேலை இல்லை.

திரும்பி வந்தபோது ஷெரின் தூங்கியிருந்தது. ஜெனிபர் மறுநாளைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்."

"ஆளு இருந்தாகளா?"

"இருந்தாக."

தலையை ஆட்டினாள். மேசையில் ஒரே ஒரு காணிக்கைக் கவர் இருந்தது. ஞானசிகாமணி கிழித்த பழைய கவர்தான். கிழிந்த இடத்தைப் பசை போட்டுச் சரிசெய்திருந்தாள். பின்பக்கம் 'செயின்' என்று இருந்ததை அழித்துவிட்டு பென்சிலால் எழுதியிருந்தாள்: ஜோஷ்வா - 5000. கரண்ட், சிலிண்டர், பால் போல நானும் ஒரு பாக்கி.

என் சட்டைப் பையில் எழுபது ரூபாய் இருந்தது. அதை அதில் போட்டேன். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஃப்ரீஸர் காலியாக இருந்தது. மற்ற கவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை.