கவர்னர் குளித்த அறை

கணவரின் சக்கர நாற்காலி இருபத்தாறு அங்குலம். குளியலறை வாசல் இருபத்துநான்கு. இடுப்பு உடைந்து வந்த மனிதரை, இந்த இரண்டு அங்குலத்தால் மூன்று வாரமாகச் சமையலறை மூலையில் உட்காரவைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. வாசலை இடித்து அகலப்படுத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அது வரலாற்றுச் சின்னமாயிற்றே!

நூறு வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்த கவர்னர் அந்த அறையில்தான் குளித்தாராம். வரலாற்றுக் கழகத் தலைவர் (கழகத்தின் ஒரே உறுப்பினரும் அவரே) அதைப் புத்தகமாக எழுதி, நகராட்சியில் பதிவு செய்து, சுவரில் கல்வெட்டும் பதித்துவிட்டார். இனி அங்கே ஆணி அடிக்கவும் அவர் கையெழுத்து வேண்டும்.

கொத்தனாரோடு அவரையும் வரவழைத்திருந்தாள். வந்தவர் வாசலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இது வெறும் வாசல் இல்லம்மா. காலம்."

"காலமோ வாசலோ, இவர் உள்ள போகணுமே சார்!"

"கவர்னரே போன வாசல்மா."

"அவர் நடந்து போயிருப்பாரு."

கொத்தனார் சுவரைச் சும்மா தட்டிப் பார்த்தார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"உள்ள ஹாலோ பிளாக்கு, சிமெண்டுக் கல்லுங்க. என்னைவிடச் சின்ன வயசு."

தலைவரின் முகம் தொங்கிப்போனது. "ஆதாரம் குடுத்ததே உங்க வீட்டுக்காரர்தானே!"

கணவர் மின்விசிறியை ஆராய்ந்தார். "அப்பா கட்டின ரூம்தான். சார் ஆசையா கேட்டாரு, இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"மூணு வாரமாவா வரல?" என்றாள் மனைவி.

"கல்வெட்டுல வீட்டுச் சொந்தக்காரர்னு எங்கப்பா பேரு இருக்கேடி."

அவளுக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. எந்தச் சுவரும் சின்னமாக இருக்கலாம்.

"ரெண்டாம் பதிப்பு அச்சுல இருக்கும்மா," என்று இழுத்தார் தலைவர்.

ஈரத்துணியை அவர் கையில் திணித்தாள். "அப்போ நாளையிலேருந்து நீங்களே வந்து துடைச்சு விடுங்க."

கையெழுத்து உடனே விழுந்தது.

நான்காம் நாள் கணவர் உள்ளே தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தபோது, தலைவர் அளவு நாடாவோடு மறுபடியும் வந்தார்.

"புது ஆய்வும்மா! கவர்னர் குளிச்சது சமையலறை மூலையில. வீட்டுலயே பழைய பாகம் அதுதான். இனி அடுப்பை நகர்த்தணும்னாகூட..."

"இருக்கும் சார்!" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வாரு!"

அவள் போய், குளியலறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.