வெள்ளை எழுத்தில் இருந்த பெயர்கள்

"நான் அழிக்கேல்லை, வெள்ளையாக்கினனான்..."

"வெள்ளையாக்கினா இல்லாமப் போயிடுமோ அக்கா? ஆர் உங்களுக்கு..."

"ஆறு வருசமா ஒருத்தற்றை கண்ணிலையும் படேல்லை! நீர் வந்து மூண்டு மாசம்..."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ!"

"ஊருக்கெல்லாம் சொன்னா அது ரகசியமோ?"

"ரகசியமோ இது? கண்ணைப் பொத்திக்கொண்டு, தன்னை ஒருத்தரும் காணேல்லையெண்டு நிக்கிற குழந்தையின்ரை வேலை!"

அதற்குப் பிறகுதான் சிவரூபியும் கஜேந்தினியும் மூச்சு வாங்கினார்கள்.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால், ரியூசன் வகுப்பொன்றுக்கு அடுத்த அறையில் சங்கத்தின் அலுவலகம் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். அங்கே தட்டச்சு செய்கிறவள் சிவரூபி. தாய்மார் சொல்லச் சொல்ல நூற்று நாற்பத்து மூன்று வாக்குமூலங்களை வேர்ட் கோப்புகளாக அடித்து வைத்திருந்தாள். கண்ணால் கண்ட சாட்சி இருந்தால், சாட்சி சொன்னது ஒரு பந்தி; கடைசி வரியில் அவருடைய பெயரும் ஊரும். விசாரணைக்கென்று வந்து போகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும்போது அந்த வரி தெரியக்கூடாது. அழித்துவிடவும் கூடாது; நம்பக்கூடிய விசாரணை ஒன்று என்றைக்காவது வந்தால் அந்தப் பெயர் வேண்டும். அதனால் சிவரூபி அந்த வரியின் எழுத்தை மட்டும் வெள்ளை நிறமாக்கிவிடுவாள். தாளில் ஒன்றும் விழாது. கோப்பில் பெயர் இருக்கும்.

கஜேந்தினி கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வாக்குமூலங்களைச் சங்கத்தின் இணையத்தளத்தில் ஏற்றுவது அவள் வேலை. சிவரூபி பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றினால் போனில் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். ஆகவே எழுத்துருவை மாற்றினாள். சிக்னல் குறைந்த இடத்திலும் பக்கம் உடனே திறக்கவேண்டுமென்று நிறம், அளவு, கட்டம், கோடு எல்லாவற்றையும் உரித்து, தலைப்பும் பந்தியும் மட்டும் உள்ள வெறும் எச்.ரி.எம்.எல். பக்கங்களாக்கினாள். உரித்ததில் வெள்ளையும் போய், பெயர்கள் கறுப்பாகின.

பக்கங்கள் ஏறி ஒன்பது நாள். இன்று காலையில்தான் சுசிலா என்ற சாட்சி போன் எடுத்து, "என்ரை பேர் எப்பிடி வெளியிலை வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

"கடைசி வரியிலை பேரைக் காணேக்கை உமக்கு ஒண்டும் தோணேல்லையோ?"

"சாட்சியெண்டா பேர் இருக்கும்தானே எண்டு நினைச்சன்." கஜேந்தினியின் குரல் இறங்கியது. "வடிவாத் தெரியட்டுமெண்டு தடிப்பெழுத்திலை வேறை போட்டனான்."

"தடிப்பெழுத்திலை! கம்பஸ் படிச்ச பிள்ளையெல்லோ!"

"எல்லாத்தையும் இறக்கிப்போட்டன் அக்கா."

"பார்த்தவையின்ரை கண்ணிலையிருந்தும் இறக்கினனீரோ?"

மூலையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த இராசமலர் அப்போதுதான் வாய் திறந்தாள். முள்ளியவளையிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறவள், வயது அறுபத்தாறு.

"என்ரை பிள்ளையின்ரை கோப்பு எண்டுதானே சொல்லுறியள்?"

"ஓம் அம்மா," என்றாள் சிவரூபி. "உங்கடை கோப்பிலை இருக்கிறது சுசிலாக்காதானே."

சண்டை முடிந்த அன்று இராசமலர் காலில் காயத்தோடு ஒரு மரத்தடியில் கிடந்தாள். அவளுடைய ஒரே மகன் குகதாசன் இராணுவத்திடம் சரணடைந்து பஸ்ஸில் ஏறியதைக் கண்டது, வரிசையில் பின்னால் நின்ற சுசிலா மட்டும்.

பத்தரை பஸ்ஸில் சுசிலா வந்தாள். கரையோரத்துக்காரி. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"இருங்கோ சுசிலாக்கா."

"இருக்க வரேல்லை. நேற்று ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளிலை வந்தவை." மடித்த தாளொன்றை மேசையில் விரித்தாள். இணையத்தளப் பக்கம். அடியில் அவளுடைய பெயர் கறுப்பாய், தடிப்பாய்.

"என்ன கேட்டவை? வெருட்டினவையோ?"

"சாய், இல்லை, ஒரு சத்தம் போடேல்லை. தண்ணி வாங்கிக் குடிச்சவை. என்ரை மகன் துசியந்தன் எத்தினை மணிக்குக் கடலுக்குப் போறவன், எத்தினை மணிக்கு வாறவன் எண்டு கேட்டவை. படகு என்ன நிறமெண்டும் கேட்டவை."

கஜேந்தினி எழுந்து நின்றாள். "அன்ரி, பிழை என்னிலைதான். உங்கடை பேரை நான்..."

"பிழை ஆரிலை எண்டு பார்க்கவோ பிள்ளை ரெண்டு பஸ் மாறி வந்தனான்? பேரை எடுத்தாப் போதாது. நான் சொன்னது முழுக்க எடுங்கோ. உந்தக் கொம்பியூட்டரிலை இருந்தும் எடுங்கோ. நான் எழுதிக் குடுத்திட்டன்."

"என்னத்தை?"

"நான் ஒண்டும் காணேல்லையெண்டு. அவையே அடிச்சுக் கொண்டந்தவை. கையெழுத்து வைச்சிட்டன்."

அடுத்த அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவுக்கு வேறை சாட்சி இல்லை, சுசிலாக்கா," என்றாள் சிவரூபி.

"எனக்கு வேறை மகன் இல்லை."

இராசமலரின் பக்கம் சுசிலா திரும்பவேயில்லை. சிவரூபி கோப்பைத் திறந்தாள். சாட்சிப் பந்தி முழுவதையும் மௌசால் இழுத்தாள்; பந்தி நீலமாகியது. வெறுமையாகக் கிடந்த கடைசி வரியிலும் பெயர் எழும்பியது. அழிக்கும் விசையில் விரலை வைக்காமல் அவள் இராசமலரைப் பார்த்தாள்.

"அழிச்சுவிடும் பிள்ளை," என்றாள் இராசமலர். "பெடியன் கடலுக்குப் போறவன். அழிச்சுவிடும்."

பந்தி போயிற்று. கஜேந்தினி குனிந்து, வேறு இடங்களில் இருந்த பிரதிகளையும் ஒவ்வொன்றாய்த் தேடி அழித்தாள். சுசிலா திரையைப் பார்த்தபடியே நின்றாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அன்ரி."

"வேறை இடத்திலை இல்லையே?"

"எங்களிட்டை இல்லை."

சுசிலா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். இராசமலர் கதிரையின் கையைப் பிடித்து எழும்பி, நொண்டிக்கொண்டு பின்னால் போனாள்.

"சுசிலா, கோப்பிலை வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லு. ஏறேக்கை அவன் திரும்பி என்னைத் தேடினவன் எண்டு சொன்னனி. தேடினவன்தானே?"