எத்தனை பிள்ளை

அன்றைக்குப் பதினேழாவது பிள்ளையை இடுப்பில் ஏற்றும்போது பெரியக்காவுக்கு அது இறங்கிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடைகளை இறுக்கி, சுவரோரமாகவே நடந்து, உலர்த்தும் அறையில் மூட்டையைப் போட்ட பிறகுதான் நின்றாள். நடுவழியில் போட்டால் தரை அழுக்கு ஒட்டும், மறுபடியும் துவைக்க வேண்டும்.

பிள்ளை என்றால் மூட்டை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் ஈர மூட்டைக்கு அதுதான் பெயர். வைத்த புண்ணியவதி யாரோ. மெஷினிலிருந்து விரிப்புகளை உருவி, ஒரு விரிப்பிலேயே கொட்டி முடிந்து, இடுப்பில் தூக்கி நாற்பதடி நடக்க வேண்டும். தலையில் வைத்தால் தண்ணீர் கண்ணில் இறங்கும், தோளில் போட்டால் வழுக்கும். இடுப்புதான் தோது. மெஷின் பிழிவது பேருக்குத்தான், ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாது. முன்பு ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன் சக்கரம் உடைந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது அதன் மேல் மேஸ்திரியின் வருகைப் பதிவேடும் டீ கிளாசும் சவுக்கியமாக உட்கார்ந்திருந்தன.

பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், வயது என்னவோ நாற்பத்தொன்றுதான். தூக்குகிறவர்களில் அவள்தான் மூத்தவள். மற்றவர்கள் அந்த வயது வருவதற்குள் நின்றுபோயிருந்தார்கள்.

அடி இறங்குவது, அதாவது கர்ப்பப்பை சரிந்து வருவது, அவளுக்குப் புதிதில்லை. ஐந்து வருஷத் தொல்லை. காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்கு மேல் கனக்கத் தொடங்கி, சாயங்காலத்துக்குள் கோழிமுட்டை அளவுக்கு வெளியே வந்து உரசும். பழந்துணியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் படுத்தால் தானாக உள்ளே போய்விடும். புருஷனிடம் முதுகுவலி என்று சொல்லியே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டாள். ஆனால் அன்றைக்கு ரத்தமும் சேர்ந்து வந்தது.

"என்னக்கா, மூஞ்சி வெளுப்பு போட்ட துணி மாதிரி இருக்கு?" என்றாள் இஸ்திரிக்காரி. அவளும் பெரியக்காவும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா? எனக்குத் தெரியாதா, நானும் அதே பாடு பட்டவதானே. வேலை முடிஞ்சதும் என்கூட வா. முற்றத்தைத் தாண்டினா டாக்டர். பதினாலு வருஷமா அவங்க விரிப்பைத் துவைக்கிற, ஒரு நாளாவது அதுமேல படுத்திருக்கியா?"

பெண்கள் பிரிவின் பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பிள்ளை?"

"இன்னிக்கு இருபத்தொம்பது டாக்டர். பதினேழுக்கு மேல முடியலை. ஆனாலும் விடாம எடுத்துட்டேன்."

பேனா நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"டாக்டர், இவ பெத்தது ஒரே ஒரு பொண்ணுதான். இவ சொல்றது துணி மூட்டை. எங்க கூடத்துல அதுக்குப் பேரே பிள்ளைதான்."

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு மூட்டை எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டாள். இருபது, இருபத்தைந்து கிலோ என்று பெரியக்கா சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தாள். கர்ப்பப்பை நன்றாகவே இறங்கியிருக்கிறது, முதலில் ஒரு வளையம் வைத்துப் பார்க்கலாம், நின்றால் ஆபரேஷன் வேண்டாம் என்றாள்.

அந்த ரப்பர் வளையம் இரண்டு நாள் நின்றது. பெரியக்காவுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளையை எக்கித் தூக்கும்போது நழுவி, காலோடு வழிந்து, ஈரத் தரையில் உருண்டு போயிற்று. அவள் மூட்டையோடு குனிய முடியாமல் நின்றாள். மூன்றாம் நம்பர் மெஷினடியில் மல்லாந்து படுத்துக் குழாய் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அதை எட்டி எடுத்தான்.

"அட, ஒரு வாரமா இந்த சைஸ் வாஷர்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். யாரும்மா கொண்டாந்து போட்டது? நல்லா இருப்பீங்க."

சொன்ன கையோடு அதைத் துடைத்துக் கழிவுநீர்க் குழாயில் மாட்டி முடுக்கினான். ஒழுக்கு நின்றது. அது என்னுடையது, கொடு என்று எந்த வாயால் கேட்பது? பெரியக்கா மூட்டையை உள்ளே கொண்டுபோய்ப் போட்டாள். விஷயம் தெரிந்து இஸ்திரிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"போகட்டும் விடுக்கா. மூணாம் நம்பர் மெஷினுக்கு இனிமே அடி இறங்காது."

பெரியக்காவும் சிரித்தாள். சிரித்ததில் மறுபடி இறங்கிற்று. வலது கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் முறை போனபோது டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். ஒரு வழி, பையை மேலே தூக்கித் தைப்பது. இன்னொரு வழி, பையையே எடுத்துவிடுவது.

"தைச்சா பை உங்ககிட்டயே இருக்கும். ஆனா திரும்ப இறங்கலாம். எடுத்துட்டா மாசா மாசம் படுற தொல்லையும் போயிடும். ஆனா பை இருந்த இடத்துச் சதையே தளர்ந்து இறங்கறதும் உண்டு."

"எது பண்ணிக்கிட்டா சீக்கிரம் தூக்கலாம் டாக்டர்?"

"எது பண்ணினாலும் மூணு மாசம் ஓய்வு. அப்புறம் ஆயுசுக்கும் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது."

"தூக்கினா?"

டாக்டரம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்காம இருந்தா ரெண்டுமே நல்ல ஆபரேஷன். தூக்கினா ரெண்டுமே நிக்காது."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டால் அவள்தான் என்ன சொல்வாள். 'கனமான வேலை கூடாது, இலகுவான வேலை தரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையும் குத்திக் கொடுத்தாள். பெரியக்காவுக்கு அந்தச் சீட்டின் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. நீல முத்திரை. அவள் துவைக்கிற ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் இருக்கிற அதே முத்திரை.

மேஸ்திரி சீட்டை இரண்டு தடவை படித்தான். கெட்ட மனிதன் என்று சொல்ல முடியாது. யாராவது மயங்கி விழுந்தால் தன் டீயைக் கொடுப்பான்.

"மடிக்கிற மேசைக்கு மாத்தி விடுங்கண்ணே. நின்னுக்கிட்டே எவ்வளவு வேணும்னாலும் மடிக்கிறேன்."

"மடிக்கிற மேசைக்கு எல்லாருக்கும்தான் ஆசை. இருக்கறது ரெண்டு இடம். ரெண்டும் காண்ட்ராக்டர் சொந்தக்காரங்க."

"ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருக்காங்கண்ணே."

"டாக்டருக்குச் சம்பளம் ஆஸ்பத்திரி குடுக்குது. உனக்குக் குடுக்கறது காண்ட்ராக்டர். இந்தச் சீட்டை நான் வாங்கினேன்னு வை, ஆளு வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதணும். அப்புறம் வெளியதான்." சீட்டை மடித்து அவள் கையிலேயே வைத்தான். "நான் இதைப் பாக்கலை. நீயும் காட்டலை. மூணு மாசம் லீவு வேணும்னா உன் வீட்டிலிருந்து ஒரு பொம்பளையைப் பதில் ஆளா விடு. இடம் அப்படியே இருக்கும். ஆள் விடலைன்னா பேரை அடிச்சிடுவாங்க, என்னை வையாத."

வீட்டில் அவள் முதல்முறையாக எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். புருஷன் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். வேலைக்குக் கிளம்புவதற்காகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"அஞ்சு வருஷமா? என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ தூக்கப் போறியா?"

"தூக்கறேன். நான் வேணா பதில் ஆளாப் போறேன்."

"பொம்பளை பட்டியல்ல ஆம்பளையைச் சேர்க்க மாட்டாங்க. சேர்த்தா ஆம்பளைக் கூலி தரணும்ல."

அவன் மிச்சப் பித்தானைப் போட்டான். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "எடுத்துடு. இறங்கறதுக்கு ஒண்ணு இருந்தாத்தானே இறங்கும்," என்றான்.

மகள் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

"நான் போறேம்மா."

"வாயை மூடிக்கிட்டுப் படி."

"மூணு மாசம்தானே."

"படின்னேன்ல. உன்னை அங்க அனுப்பறதுக்கா நான் இத்தனை வருஷம் இடுப்பொடிஞ்சேன்?"

மகள் ஒரு பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி அதே பக்கத்துக்கு வந்தாள். பெரியக்கா மேலும் ஒரு மாதம் துணி கட்டிக்கொண்டே தூக்கினாள். பிறகு ஒரு நாள் காலையிலேயே, முதல் பிள்ளைக்கே இறங்கி, அதற்கப்புறம் எவ்வளவு நேரம் படுத்தும் உள்ளே போகவில்லை. உரசி உரசிப் புண்ணாகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்கிற கதையாக ஆனாள். அன்றைக்கு மகள் யாரையும் கேட்காமல் மேஸ்திரியிடம் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பையை எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் பெரியக்கா.

"நல்லா யோசிச்சீங்களா? அப்புறம் தூக்க மாட்டீங்களே?"

"மாட்டேன் டாக்டர்."

இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். டாக்டரம்மா தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. விரிப்பைத் தொட்டதுமே பெரியக்காவுக்கு அது இரண்டாம் நம்பர் மெஷின் துணி என்று தெரிந்துவிட்டது. அதில்தான் சோடா அதிகமாக விழும், துணி சொரசொரவென்று இருக்கும். பதினாலு வருஷத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் படுத்திருந்தது இதுதான் முதல் தடவை. அடிவயிற்றில் சுருக்கென்று வலித்தது. ஆனால் எதுவும் கனக்கவில்லை, எதுவும் உரசவில்லை. இப்படியும் ஒரு உடம்பு இருக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த வளையல் கடைக்காரியிடம் ஆபரேஷனைப் பற்றிப் பெருமையாகக்கூடப் பேசினாள்.

ஐந்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மகள் வந்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, கரண்டியால் ஆற்றி ஆற்றி ஊட்டினாள்.

"மேஸ்திரி என்ன சொன்னான்?"

"நல்லாத்தான் பேசினாரு." மகள் கஞ்சியைக் கலக்கினாள். "உங்கம்மா வந்து இனிமே என்ன பண்ணப் போறா, உடம்பைப் பாத்துக்கட்டும், நீயே இருந்துக்கோன்னாரு. இளவட்டம், நல்லாத் தூக்குறேனாம். பட்டியல்ல உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிட்டாரும்மா."

"இடம் அப்படியே இருக்கும்னு சொன்னானே."

"இடம் அப்படியேதாம்மா இருக்கு."

"பரீட்சை?"

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம். வாயைத் திற."

பெரியக்கா வாயைத் திறக்கவில்லை. மகளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது பக்கம் காய்ந்திருந்தது. பெரியக்காவும் இடது பக்கம்தான் தூக்குவாள்.

"இன்னிக்கு எத்தனை பிள்ளை?"

"இப்ப வரைக்கும் இருபத்திரெண்டு."

வளையல் கடைக்காரி கட்டிலில் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும். கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள இருபத்திரெண்டா?"

மகளும் சிரித்தாள். பெரியக்கா படுத்தபடியே விரிப்பின் மூலையை இழுத்தாள். நீல முத்திரை இருந்த மூலை. அதைக் கையில் சுருட்டிக்கொண்டு மகளின் இடுப்பில் ஒற்றி ஒற்றி ஈரத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விரிப்புதான் நனைந்தது. முற்றத்தின் அந்தப் பக்கம் இடைவேளை முடிந்த மணி அடித்தது.